பஞ்சாபி வீட்டு அடுப்படி நம்பிக்கைகள்: எதற்குத் தலையாட்டலாம், எதை மறுக்கலாம்?

லூதியானாவில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்துக்கு மருமகளாகப் போயிருக்கும் தமிழ்ப் பெண் நீங்கள். இப்போது ஏழாம் மாதம். மீன் சாப்பிட்ட அன்று பால் குடிக்க விடுவதில்லை, விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்குப் பால் தர விடுவதில்லை, குழந்தை பிறந்ததும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர்தான் முதலில் நாக்கில் தேன் வைக்க வேண்டும் என்று இப்போதே பேச்சு நடக்கிறது என்கிறீர்கள். "சீக்கியர்களிடம் மூடநம்பிக்கை கிடையாது என்று படித்தேனே, பிறகு இதெல்லாம் என்ன, இதில் ஏதாவது அறிவியல் உண்டா?" என்பது நீங்கள் எழுதிய கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். மாமியாரிடம் எதற்கு மல்லுக்கு நிற்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படித்து, பஞ்சாபின் மால்வா பகுதியில், அதாவது சட்லெஜுக்குத் தெற்கே, பல வருடம் வேலை பார்த்தேன். எருமைக்கு வைத்தியம் பார்க்க வருகிறவருக்குக் கொட்டகையோடு கதவு அடைபடாது. டீயும் பரோட்டாவும் வரும், அடுப்படிப் பேச்சும் சேர்ந்து வரும். பாலைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். குழந்தையைப் பற்றிச் சொல்வதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். லாகூர்ப் பக்கத்துச் செய்திகள் நான் படித்தவை, அங்கிருந்து வந்த குடும்பங்கள் சொல்லக் கேட்டவை.

முதலில் சீக்கியம். நீங்கள் படித்தது சரிதான். பிறப்பு, இறப்புத் தீட்டைப் பற்றி குரு நானக் ஆசா தீ வார் பாடலில் கேட்பது இன்றும் சுருக்கென்று தைக்கும்: தீட்டு என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் எல்லாமே தீட்டுதான், எரிக்கிற வறட்டியிலும் விறகிலும் புழு உண்டு, தானியத்தில் உயிரில்லாத மணி ஒன்றுகூடக் கிடையாது, அப்புறம் சமையலறையைத் தீட்டிலிருந்து எப்படிக் காப்பாய் என்கிறார். 1945-இல் ஒப்புதல் பெற்ற சீக்கிய நடத்தை விதித் தொகுப்பான ரெஹத் மர்யாதாவும் நல்ல நேரம், கெட்ட நேரம், சகுனம், விரதம், சிராத்தம் எல்லாவற்றையும் தள்ளி வைக்கிறது. அதற்கு முன்பே, 1873-இல் அமிர்தசரஸில் தொடங்கிய சிங் சபா என்கிற சீக்கியச் சீர்திருத்த இயக்கத்தார், அம்மை நோய்க்கான சீதளா தேவி, பாம்புக்கான குக்கா பீர், முஸ்லிம் ஞானி சகி சர்வர் ஆகியோரின் வழிபாடுகளைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் பஞ்சாபில் ஒரே ஊரில் சீக்கியரும் இந்துவும் முஸ்லிமும் அதே எருமையைத்தான் கறந்தார்கள், அதே களத்தில்தான் கோதுமையைத் தூற்றினார்கள். மதம் குருத்வாராவில் கற்றுக்கொண்டது. அடுப்படிப் பழக்கம் மாமியாரிடம் கற்றுக்கொண்டது. சீர்திருத்தம் பேசிய ஆண்கள் அடுப்படிக்குள் ரொம்ப தூரம் போகவில்லை என்பது என் கணிப்பு.

அந்த அடுப்படியில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. ஒன்று, பர்கத் போய்விடும் என்கிற பயம், மற்றது நஜர். நஜர் நம் கண் திருஷ்டியேதான். பர்கத் என்பது எடுக்க எடுக்கக் குறையாமல் வருகிற வளம். களத்தில் தானியம் அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்று எண்ணாமல் 'பர்கத்' என்று சொல்லித் தொடங்குவது பழைய வழக்கம். தஞ்சாவூர்க் களத்தில் 'லாபம், ரெண்டு, மூணு' என்று மரக்கால் போடுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சுல்தான்பூர் லோதியில் தானியக் கிடங்கில் வேலை பார்த்த நானக், அளந்துகொண்டே வந்து பதிமூன்றில், 'தேரா' என்ற இடத்தில் (அந்தச் சொல்லுக்கு 'உன்னுடையது' என்றும் பொருள்), 'எல்லாம் உன்னுடையது' என்று அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அள்ளிக் கொடுத்தார், கணக்குப் பார்த்தபோது கிடங்கில் குறையவில்லை என்று ஜனம்சாகி எனப்படும் நானக் வாழ்க்கைக் கதைகளில் உண்டு. மூடநம்பிக்கையை அவ்வளவு சாடியவர் கதையிலும் பர்கத் வந்து உட்கார்ந்துவிட்டது பாருங்கள். இன்று களம் போய் கம்பைன் மெஷின் வந்துவிட்டது, ஆனாலும் ரொட்டியை எண்ணிச் சுடாதே, தட்டில் மூன்றாக வைக்காதே என்று உங்கள் மாமியார் சொல்வார். எண்ணினால் குறையும் என்கிற அதே பயம்தான் முதலாவதில். மூன்று இறந்தவருக்கு வைக்கிற கணக்கு என்பது இரண்டாவதற்குச் சொல்கிற காரணம். நான்காக வைத்துவிட்டுப் போங்கள், யாருக்கு என்ன நஷ்டம்.

பால் விஷயம்தான் பெரியது. 'பாலில் குளி, பிள்ளைகளால் தழை' என்று புதுப்பெண்ணை வாழ்த்துகிற நாடு அது. பாலை விற்பதும் பிள்ளையை விற்பதும் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்த தலைமுறையை நானே பார்த்திருக்கிறேன். மோரை யார் கேட்டாலும் சும்மா கொடுப்பார்கள். பாலும் நெய்யும் வீட்டின் மானம். அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகு பாலோ, தயிருக்கு உறையோ வெளியே போனால் வீட்டின் பர்கத்தும் கூடவே போய்விடும் என்று தடுக்கிறார்கள். பால் குடித்த வாயோடு குழந்தை வெளியே ஓடினால் சில வீடுகளில் கூப்பிட்டு நாக்கில் ஒரு கல் உப்பு வைப்பதும் உண்டு. சொல்லப்போனால், விளக்கு வைத்த பிறகு உறைமோர், உப்பு, ஊசி கொடுக்காத பாட்டி உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார். வேடிக்கை எங்கே என்றால், பக்கத்து வீட்டுக்கு ஒரு தம்ளர் பால் தராத அதே வீட்டிலிருந்து அதே சாயங்காலம் கேன் கேனாகப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். கொழுப்பு அளவு பார்த்து ரசீது வந்துவிட்டால் பர்கத் கோபித்துக்கொள்வதில்லை. இதை ஒரு சர்தார்ஜியிடம் கேட்டேன். "டாக்டர் சாப், அது வியாபாரம், இது கொடுக்கல்" என்றார். அவர் கணக்கில் அது முரண்பாடே இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே பயம் வேறு உருவில் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் லாகூருக்கு வந்த சூஃபி ஞானி அலி ஹுஜ்வீரியை மக்கள் தாதா கஞ்ச் பக்ஷ் என்பார்கள். அவரைப் பற்றிய ஒரு கதையில், ராய் ராஜு என்கிற மந்திரவாதிக்குத் தினமும் பால் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் மாட்டின் மடியில் பாலுக்குப் பதில் ரத்தம் வரும் என்று பயந்து ஒரு கிழவி பால் எடுத்துப் போகிறாள். தாதா அந்தப் பாலைத் தனக்குக் கேட்கிறார். பயந்துகொண்டே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், மடி நிறைந்து பால் வழிகிறது. இன்றும் அவருடைய நினைவு நாளான உர்ஸ் விழாவில் கால்நடை வளர்க்கிற குஜ்ஜர் சமூகத்துப் பால்காரர்கள் தர்காவுக்குப் பால் கொண்டுவந்து இலவசமாக ஊற்றுகிறார்கள். பிறை மாதத்தின் பதினோராம் நாள் பாலை பாக்தாத் சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் பெயரால் தானம் செய்துவிடுவதும் உண்டு. செய்யாவிட்டால் எருமைக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது உள்ளே இருக்கிற பயம்.

மடியில் ரத்தம் வருவது கதை மட்டுமல்ல, அதனால்தான் இதைச் சொன்னேன். கன்று போட்ட புதிதில், நிறையக் கறக்கிற எருமைக்கு மடியின் நுண்குழாய் உடைந்து பால் இளஞ்சிவப்பாக வரும், மடிநோயிலும் வரும். கூப்பிட்டு அனுப்புவார்கள், போவேன். மடியைத் தொட்டால் சுடும், கறுப்புத் துணியில் முதல் பீச்சைப் பீய்ச்சினால் திரி திரியாக விழும். நான் மருந்தை எடுத்து வைப்பதற்குள் வீட்டம்மா ஏழு காய்ந்த மிளகாயை எருமையின் தலையிலிருந்து வால்வரை சுற்றிக் கொண்டுபோய் வறட்டி நெருப்பில் போட்டிருப்பார். நெடி வரவில்லை என்றால் நஜர் உறுதி. கொழுந்துவிட்டு எரிகிற நெருப்பின் நடுவில் போட்டால் மிளகாய் முழுக்க எரிந்து நெடி குறையும். புகைகிற ஓரத்தில் போட்டால் ஊரே இருமும். ஆக, நஜர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் நெருப்புதான் முடிவு செய்கிறது. எருமை மூன்று நாளில் தேறும். பாதிப் பெயர் எனக்கு, பாதி மிளகாய்க்கு.

ஆனால் நஜரில் ஒரு பகுதியை என்னால் அப்படித் தள்ளிவிட முடியாது. கறக்கும்போது வேற்றாள் பார்க்கக் கூடாது, பார்த்தால் பால் குறையும் என்பார்கள். எருமை பசுவைவிடக் கூச்ச சுபாவம். புது ஆளைக் கண்டு மிரண்டால் உடம்பில் அட்ரினலின் ஏறும், பாலை இறக்கிவிடுகிற ஆக்சிடோசின் வேலை செய்யாது. மடி நிறையப் பால் இருந்தும் இறங்காது. கண்ணேறு என்று அவர்கள் சொல்கிற காரணம் தவறு, கண்ணில் பட்ட விஷயம் சரி.

மீனும் பாலும். இரண்டையும் சேர்த்தால் ஃபுல்பெஹ்ரி, அதாவது வெண்புள்ளி வரும் என்பது பஞ்சாபில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். நம் ஊரில் மீன் குழம்புக்குப் பின் தயிர் வேண்டாம் என்பதும் இதன் உறவுதான். இதற்கு ஏட்டு ஆதாரமும் உண்டு: சரக சம்ஹிதை மீனையும் பாலையும் சேரக்கூடாத உணவாகச் சொல்கிறது, ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி என்பதால். ஆனால் வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியே தோலின் நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது. மீனாலோ பாலாலோ வருவதில்லை. வங்காளத்தில் தயிரில் மீனைச் சமைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். இரண்டில் ஒன்று உங்களுக்கு ஒவ்வாமை என்றால் வேறு கதை. இல்லையென்றால் கெடுதல் கிடையாது, அதே சமயம் அமிர்தசரஸ் மீன் பொரியல் சாப்பிட்ட அன்று பாலைக் காலையில் குடித்துவிடுவதாலும் உங்களுக்கு எதுவும் குறையப்போவதில்லை. இதற்காகச் சண்டை போடாதீர்கள். வீட்டில் யாருக்காவது வெண்புள்ளி இருந்து, 'சின்ன வயசில் மீனும் பாலும் சாப்பிட்டான்' என்று அவரைக் குற்றம் சொன்னால் மட்டும் வாயைத் திறங்கள்.

நான் ரசித்தது என்றால் ஜர்க் மேளாதான். கன்னாவிலிருந்து மலேர்கோட்லா போகிற சாலையில் ஜர்க் என்று ஒரு கிராமம். சேத் மாதத்தில், அதாவது நம் பங்குனி வாக்கில், அங்கே சீதளா மாதாவுக்குத் திருவிழா. அம்மைச் சூட்டைத் தணிக்கிற குளிர்ச்சியான தேவி அவள். முந்தின நாளே சமைத்து ஆறிப்போன சாப்பாடுதான் படையல். அன்றைக்கு அடுப்பு மூட்ட மாட்டார்கள். கோதுமை மாவையும் வெல்லத்தையும் கரைத்துப் பொரித்த குல்குலேயை, நம் வெல்ல அப்பத்துக்குக் கிட்டத்தட்ட அக்கா தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள், கழுதைக்கு ஊட்டுவார்கள், அது தேவியின் வாகனம் என்பதால். வருஷம் முழுக்கச் செங்கல் சுமக்கிற கழுதை அன்று ஒரு நாள் அலங்காரத்தோடு நின்று இனிப்புத் தின்னும். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பதும் இந்தச் சூட்டுக் கணக்கில் வருவதுதான். மாரியம்மனை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரியம்மையை ஒழித்தாகிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. நோய் போய்விட்டது, ஆறின சோறு மட்டும் இருக்கிறது. இதில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கர்ப்பிணி நீங்கள், இரவு முழுக்க வெளியே இருந்த சோற்றைச் சாப்பிட வேண்டாம், ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் அதுவும் ஆறின சோறுதான், தேவி கோபிக்க மாட்டாள்.

மற்றவை சில்லறை. மாவு பிசையும்போது ஒரு துண்டு தெறித்து விழுந்தால் விருந்தாளி வருவார். மொட்டைமாடிச் சுவரில் காக்கை கத்தினாலும் அப்படித்தான். அதற்கு நெய்யும் சர்க்கரையும் போட்டு நொறுக்கிய ரொட்டி, சூரி என்பார்கள், போடுவது வழக்கம். பரீட்சைக்கும் நேர்காணலுக்கும் போகுமுன் தயிரும் சர்க்கரையும். நம் போகியை ஒட்டி, மாதத்தின் கடைசி நாளில் வருகிற லோஹ்ரி இரவில் கரும்புச்சாற்றில் அரிசி போட்டுக் கீர், அதாவது பாயசம், காய்ச்சி, மறுநாள் புது மாதம் பிறக்கிற மாகி அன்று சாப்பிட வேண்டும். போன மாதம் சமைத்ததை இந்த மாதம் சாப்பிடுவதில் ஒரு குஷி. சாவன் மாதத்தில், அதாவது நம் ஆடி வாக்கில், கீர் சாப்பிடாதவனைப் பார்த்து 'பாவி, நீ ஏன்டா பிறந்தாய்' என்று கேட்கிற பழமொழியும் உண்டு. இதை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். பிசைந்த மாவில் விரல் தடம் வைக்காவிட்டால் அது பிண்டமாகிவிடும், எலுமிச்சையும் மிளகாயும் கட்டினால் விட்டமின் சி காற்றில் பரவும் என்று வாட்ஸ்அப்பில் வருகிற விளக்கங்களை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். பழக்கம் பழையதாக இருக்கலாம், இந்த 'அறிவியல்' நேற்று உட்கார்ந்து எழுதியது.

இனி, நீங்கள் மறுக்க வேண்டியது. எருமை கன்று போட்டதும் வருகிற சீம்பாலுக்குப் பஞ்சாபில் பெரிய மரியாதை. கோயிலுக்கோ குருத்வாராவுக்கோ பீர் என்கிற முஸ்லிம் ஞானியின் சமாதிக்கோ முதல் பங்கு, அக்கம்பக்கத்துக்கு ஒரு கிண்ணம், வீட்டுக்குக் காய்ச்சி வெல்லம் போட்டு மிச்சம். ஆனால் கன்றுக்கு? நஞ்சுக்கொடி விழுகிற வரை கன்றை மடியில் விடக் கூடாது என்று பல வீடுகளில் கட்டி வைத்துவிடுவார்கள். கொடி விழ ஆறு மணி நேரமும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். மாட்டினத்தில் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருப்பையில் கன்றுக்குப் போவதில்லை. சீம்பால் வழியாகத்தான் போக வேண்டும். அதைக் குடலில் உறிஞ்சுகிற திறனும் பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள்தான் அதிகம், ஒரு நாளில் கிட்டத்தட்ட நின்றுவிடும். கட்டிப்போட்ட கன்று ஒரு வாரத்தில் கழிச்சலில் போய்ச் சேரும். அதற்கும் நஜர்தான் காரணம் என்பார்கள். நான் பார்த்ததிலேயே அதிக உயிர் குடித்த உணவு நம்பிக்கை இதுதான்.

மனிதக் குழந்தைக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை, ஏனென்றால் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பகுதி கருப்பையிலேயே வந்துவிடுகிறது. ஆனால் பழக்கம் அதேதான். நாத்தனார் வந்து தாயின் மார்பைத் தண்ணீரால் கழுவி, சீர் வாங்கிக்கொண்ட பிறகுதான் முதல் பால் என்கிற சடங்கு கிராமங்களில் இருந்தது. அதற்கு முன்பே குட்த்தி: வீட்டில் நல்ல குணம் என்று பெயரெடுத்த ஒருவர் விரலால் தேனோ வெல்லமோ நாக்கில் தடவுவார், பிள்ளைக்கு அவர் குணம் வரும். பிள்ளை குறும்பு பண்ணினால் 'இவனுக்கு யார் குட்த்தி கொடுத்தது?' என்று பிறகு கேலி செய்வதும் இதனால்தான். அழகான பழக்கம், தேன்தான் கெட்டது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மூச்சே நிற்கலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதில் ஒரு சொட்டுக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். கணவனின் ஆயுளுக்காக மனைவிகள் இருக்கிற கர்வா சௌத் வந்தால் தண்ணீர் குடிக்காத விரதமும் வேண்டாம். கர்ப்பிணிக்கு அந்த வழக்கமே சலுகை தருகிறது, சீக்கிய ரெஹத் விரதத்தையே ஏற்பதில்லை. கிரகணத்தன்று கத்தி எடுக்காதே என்றால் எடுக்காமல் இருந்துவிடுங்கள், பட்டினி மட்டும் கிடக்காதீர்கள்.

எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். மாமியாரிடம் தேன் கூடாது என்று தொடங்காதீர்கள். குட்த்தி யார் கொடுப்பது என்று நீங்களே கேளுங்கள். அது யாராக இருந்தாலும், உங்கள் சீம்பாலில் ஒரு சொட்டைச் சுத்தமான சின்னக் கரண்டியில் எடுத்து அவர் கையால் குழந்தையின் வாயில் விடட்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டதாகச் சொல்லுங்கள். மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, பிரசவ அறையிலேயே அவர் வாயாலும் அதைச் சொல்ல வைத்துவிடுங்கள். பஞ்சாபி வீடுகளில் டாக்டர் பேச்சுக்கு நல்ல மரியாதை. எருமை வைத்திருந்த குடும்பம் என்றால் இன்னும் சுலபம். கட்டிப்போட்ட கன்றுக்கு என்ன ஆகும் என்று மாமனாருக்கே தெரிந்திருக்கும், பேச்சை அவரிடமிருந்து தொடங்குங்கள்.